சிற்றுருவில் பேரியந்திரங்கள்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. வேதியியல், அனுப்பம்பட்டு)

தபால்தலை சேர்ப்பவரை அறிவார்வம் உடையவர் என்கிறோம். பழங்காசு சேர்ப்பவரை ஆராய்ச்சியாளர் என்கிறோம். ஆனால், மண் வெட்டும் இயந்திரத்தின் சிறிய உலோக உருவத்தைச் சேர்ப்பவரைக் கண்டால் மட்டும், “மீசை முளைத்த பிறகும் பொம்மை விளையாட்டா?” என்று சிரிக்கிறோம். இந்தச் சிரிப்பு நியாயமானதுதானா? முறையோடு செய்தால் இப்பொழுதுபோக்கு நல்லதொரு கல்வி என்பது என் கருத்து. அதிலும் பழவேற்காட்டு ஏரியைச் சுற்றி வாழும் நமக்கு இது தேவையான கல்வி என்பேன்.

பொன்னேரிச் சந்திப்புத் திருவிழாக் கடைகளில் தொங்கும் மஞ்சள் நிறப் பிளாஸ்டிக் வண்டிகளை நான் குறிப்பிடவில்லை. அவை குழந்தைகளுக்கு உரியவை, வாழ்க! சேகரிப்பாளர்கள் தேடுவது துல்லியமான மாதிரிகளை. கட்டுமான இயந்திரங்களுக்கு 1:50 என்ற அளவே உலகெங்கும் பெருவழக்கு. அசலில் 50 சென்டிமீட்டர் உள்ள உறுப்பு மாதிரியில் 1 சென்டிமீட்டர் இருக்கும். சங்கிலிப் பட்டையின் கண்ணிகள் உருளும். கை நீண்டு மடங்கும். எண்ணெய் உருளைக்குள் தண்டு போய்வரும். ஏணிப்படியும் கைப்பிடியும் கூட விடுபட்டிரா. ஜெர்மனியின் என்.இஸட்.ஜி., கான்ராட் போன்ற நிறுவனங்கள் இதில் பெயர் பெற்றவை. இயந்திரம் விற்கும் நிறுவனங்களே தம் வாடிக்கையாளருக்குப் பரிசளிக்க இத்தகைய மாதிரிகளைச் செய்விப்பதும் உண்டு.

பெரியதைச் சிறியதாக்கிப் பார்க்கும் ஆசை நமக்குப் புதிதன்று. காவிரிப்பூம்பட்டினத்துச் சிறுவர் உருட்டிய மூன்று சக்கரச் சிறுதேரைப் பட்டினப்பாலை காட்டுகிறது. பிள்ளைத்தமிழில் ஆண்பால் பருவங்களுள் ஒன்றுக்குச் சிறுதேர் என்றே பெயர். கோயில் தேரை இழுக்க முடியாத குழந்தை சிறுதேரை இழுத்து, சக்கரம் இன்னதென்று அறிந்துகொண்டது.

இன்றைய உலோக மாதிரிகளின் கதையிலும் ஒரு குழந்தை உண்டு. லண்டனில் 1947இல் தொடங்கப்பட்ட லெஸ்னி என்னும் பட்டறை, 1948இல் சாலை உருளை ஒன்றின் சிறிய உருவத்தை வார்த்தது. அப்பட்டறையின் பங்குதாரர் ஜாக் ஓடெல் என்பவரின் மகள் படித்த பள்ளியில், தீப்பெட்டிக்குள் அடங்கும் பொருளை மட்டுமே கொண்டு வரலாம் என்று விதி. தந்தை அந்தச் சாலை உருளையை மேலும் சிறிதாக்கிப் பெட்டிக்குள் வைத்துக் கொடுத்தார். 1953இல் தொடங்கிய ‘மேட்ச்பாக்ஸ்’ வரிசை அப்படிப் பிறந்ததுதான். அவ்வரிசையில் முதல் எண் சாலை உருளை. இரண்டாவது மண் கொட்டும் வண்டி. மூன்றாவது சிமெண்டுக் கலவை இயந்திரம். பளபளக்கும் கார்களுக்கு முன்பே உழைக்கும் இயந்திரங்கள் இடம் பிடித்துவிட்டன! சிவகாசியைப் பெற்ற நாட்டில் தீப்பெட்டிக்குப் பஞ்சமில்லை. அதற்குள் இப்படி ஒன்றை வைத்துப் பார்க்கும் எண்ணம்தான் வேண்டும்.

வேதியியல் மாணவன் என்ற முறையில் இந்த உலோகத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இது ‘ஜமாக்’ எனப்படும் கலப்புலோகம். துத்தநாகத்தோடு சுமார் 4 விழுக்காடு அலுமினியமும், மிகச் சிறிதளவு மக்னீசியமும், வகைக்கேற்பச் செம்பும் சேர்ந்தது. இந்நான்கின் ஜெர்மானியப் பெயர்களிலிருந்து எழுத்துகளை எடுத்துக் கோத்த பெயர் அது. 400 டிகிரி செல்சியசுக்குள்ளேயே உருகிவிடுவதால், எஃகு அச்சுக்குள் அழுத்திச் செலுத்தினால் நுண்ணிய கோடுகள் கூடப் பதியும். ஆனால் ஈயம் போன்ற மாசு சற்று மிகுந்தாலும், ஆண்டுகள் செல்லச் செல்ல உலோகம் உள்ளுக்குள் வெடித்து உதிரும். இதற்குத் துத்தநாக நோய் என்று பெயர், மருந்து கிடையாது. ஈரக்காற்று இந்த நோயை விரைவுபடுத்தும். உப்புக்காற்று வீசும் நம் பகுதியில் சேகரிப்பவர் மூடிய கண்ணாடி அலமாரியும் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லும் வைத்துக்கொள்வது நல்லது.

இனி நம் ஊருக்கு வருவோம். 1990களில் வடசென்னை அனல்மின் நிலையம் வந்தது. 2001இல் எண்ணூர்த் துறைமுகம் இயங்கத் தொடங்கியது; 2014இல் அது காமராசர் துறைமுகம் என்று பெயர் பெற்றது. 2013இல் காட்டுப்பள்ளித் துறைமுகம் வந்தது. இவற்றையெல்லாம் எழுப்பிய இயந்திரங்கள் நம் வீட்டு வாசல் வழியே போயின. ஏரியின் முகத்துவாரம் மணலால் அடைபட்டால் அதை வெட்டித் திறக்க வருவதும் இயந்திரமே. ஆனால் அவற்றைப் பற்றி நமக்குத் தெரிந்தது என்ன? பெயர் மட்டும்தான். அந்தப் பெயரும் யாருடையது? ‘பொக்லைன்’ பிரான்சு நாட்டு நிறுவனம் ஒன்றின் பெயர். ‘ஜேசிபி’ ஜோசப் சிரில் பாம்ஃபோர்ட் என்னும் ஆங்கிலேயரின் முதலெழுத்துகள்.

என் சித்தப்பா பொக்லைன் ஓட்டுநர். வண்டியின் முதலாளிக்கு விற்பனையாளர் தந்த 1:50 மாதிரி ஒன்று, அவர் கைமாறி எங்கள் வீட்டுக்கு வந்தது. என் சேகரிப்பு இன்றுவரை அந்த ஒன்றுதான். அதை வைத்துக்கொண்டு சித்தப்பா, எந்த உருளை நீண்டால் கை உயரும், எது சுருங்கினால் வாளி திறக்கும் என்று காட்டினார். முதலாண்டில் நான் மனப்பாடம் செய்த பாஸ்கல் விதி அன்றைக்குத்தான் கண்முன் அசைந்தது. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் எனக்கு இயற்பியல் சொல்லிக் கொடுத்தார். ஏரியில் கையால் தடவி இறால் பிடித்துக் குடும்பத்தைக் காத்த என் ஆயா, அந்த மாதிரியை வாங்கி ஓட்டுநர் அறைக்குள் உற்றுப் பார்த்தார். “எல்லாத்தையும் செஞ்சிருக்கான், ஓட்டுறவன மட்டும் காணோமே!” என்றார். இருக்கை காலியாகத்தான் இருந்தது. சேகரிப்பாளர்கள் எல்லோரும் எண்ணிப் பார்க்க வேண்டிய சொல் அது. இயந்திரத்தின் திருகாணியை எண்ணுகிறவர், அதை ஓட்டும் மனிதரையும் அது வெட்டும் மண்ணில் வாழ்வோரையும் எண்ண வேண்டாமா?

இயந்திரங்கள் நமக்குப் பகையா என்று சிலர் கேட்கலாம். பகையோ நட்போ, அளவு தெரிந்திருப்பது நமக்கு நல்லது. 20 டன் பொக்லைனின் வாளி ஏறத்தாழ ஒரு கனமீட்டர் கொள்ளும். 1:50 மாதிரியில் அதன் கொள்ளளவு 1,25,000இல் ஒரு பங்கு. அதாவது 8 மில்லிலிட்டர், ஒன்றரைத் தேக்கரண்டிதான். அசல் வாளி நிமிடத்துக்கு மூன்று முறை அள்ளுவதாக வைத்துக்கொண்டால், ஒரு மணி நேரத்தில் 180 கனமீட்டர் மண் இடம் மாறும். இந்தக் கணக்குத் தெரிந்தவர், கருத்துக் கேட்புக் கூட்டத்தில் “எங்கள் வாழ்வு போகும்” என்று கலங்குவதோடு நிற்கமாட்டார். “எத்தனை இயந்திரம்? எத்தனை நாள்? எடுத்த மணலை எங்கே கொட்டுவீர்கள்?” என்று கேட்பார். கலங்கியவருக்கு ஆறுதல் சொல்லி அனுப்பிவிடலாம். கணக்குக் கேட்டவருக்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இப்பொழுதுபோக்கில் எனக்குப் பிடிக்காததும் உண்டு. பெட்டியைப் பிரிக்காமலே பூட்டி வைத்து, விலை ஏறும் என்று காத்திருப்போர் இருக்கிறார்கள். பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் விலையுள்ள மாதிரிகள் பல. வாரக்கூலியில் வாழும் வீட்டுப் பிள்ளை அதற்கு எங்கே போவான்? எனவே இதைத் தனிமனிதர் அலமாரியிலிருந்து பொது இடத்துக்குக் கொண்டு வர வேண்டும் என்கிறேன். நம் கல்லூரியில் ஒரு கண்ணாடி அலமாரி போதும். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் வார்ப்புப் பட்டறைகளுக்குக் குறைவில்லை. 1964இல் தொடங்கப்பட்ட நம் நாட்டு பி.இ.எம்.எல். நிறுவனம் மண்வாரி இயந்திரங்களைச் செய்கிறது. நம் இயந்திரத்தின் சிற்றுருவை நம் கைவினைஞர் செய்ய முடியாதா?

அந்த அலமாரியில் பொக்லைனும் பாரந்தூக்கியும் தூர்வாரும் கப்பலும் மட்டும் இருந்தால் போதாது. நம் ஏரியின் நாட்டுப்படகையும் அதே 1:50 அளவில் மரத்தில் செதுக்கிப் பக்கத்தில் வைக்க வேண்டும். 8 மீட்டர்ப் படகு 16 சென்டிமீட்டர் வரும். அந்தப் பொக்லைனுக்கு அதிகம் தாழ்ந்துவிடாது. படகில் துடுப்புப் போடுபவரும் இருக்கட்டும். பொக்லைனுக்குள் ஓட்டுநரும் இருக்கட்டும். இரண்டையும் ஒரே அளவுகோலில் பார்க்கப் பழகிய மாணவன், நாளை எந்த இயந்திரம் ஊருக்குள் வந்தாலும் மிரளவும் மாட்டான், மயங்கவும் மாட்டான். நண்பர்களே, ஒரு தீப்பெட்டி அளவு இடத்திலிருந்தேனும் அதைத் தொடங்குவோம்!