அச்சில் வார்த்த யாளி

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் - வேதியியல்)

தாயும் மகளும் ஒரே சாயலில் இருந்தால் "அச்சில் வார்த்தாற்போல இருக்கிறார்கள்" என்று மகிழ்ந்து சொல்கிறோம். அதே நாம் ஒரு பொம்மையைக் கையில் எடுத்து, "இது அச்சில் வார்த்ததுதானே!" என்று சொல்லும்போது மட்டும் குரல் இறங்கிவிடுகிறது. மனிதருக்குப் பெருமை தரும் சொல் மண்ணுக்கு மட்டும் சிறுமை தருவானேன்? நம் கல்லூரியிலும் கலை ஆர்வம் மிக்க அன்பர்கள் சிலர் அச்சுப் பொம்மையைக் கலையென்று ஒப்புவதில்லை. வேறு சிலரோ, "பொம்மைதானே, யார் வேண்டுமானாலும் யாருடையதை வேண்டுமானாலும் படியெடுக்கலாம்" என்கிறார்கள். இரு சாராரோடும் எனக்கு வழக்கு உண்டு.

உலகில் இல்லாத விலங்குகளை உண்டாக்குவதில் நம் முன்னோருக்கு ஈடில்லை. சிங்க உடலும் யானைத் துதிக்கையும் கொண்ட யாளி, இரு தலைகொண்ட கண்டபேரண்டப் பறவை, மனித முகத்தோடு நடக்கும் புருஷாமிருகம், பெண்முகமும் சிறகும் பெற்ற காமதேனு, எந்த விலங்கென்று எளிதில் சொல்ல முடியாத மகரம் என்று அந்த வரிசை நீளும். விஜயநகர, நாயக்கர் காலத்து மண்டபத் தூண்களில் யாளி பாய்ந்து நிற்பதைக் காணாதவர் நம்மில் இரார். கல்லில் செய்யும்போது அச்சுக்கு வேலையில்லை. ஒவ்வொரு யாளிக்கும் உளி முதலிலிருந்து தொடங்க வேண்டும். சுவாமிமலை வார்ப்பில் அச்சு உண்டு. ஆனால் மெழுகை உருக்கி வெளியேற்றி, உலோகத்தை ஊற்றி, ஆறிய பின் மண் அச்சை உடைத்துத்தான் திருமேனியை எடுப்பார்கள். அங்கே ஓர் அச்சுக்கு ஓர் உரு.

கொலுப் பொம்மையின் வழி வேறு. பண்ருட்டியிலும் காஞ்சிபுரத்திலும் மதுரைக்கருகே விளாச்சேரியிலும் அச்சு இல்லாமல் தொழிலே இல்லை. கோயில் யாளியைக் குடிசைக்குக் கொண்டுவந்தது எது? அந்த அச்சன்றோ! ஓர் உருவைச் செய்யப் பத்து நாள் ஆகுமென்றால், அதை வாங்கும் வசதி ஊரில் ஒரு வீட்டுக்குத்தான் இருக்கும். அச்சு வந்ததால் தெருவெல்லாம் கொலு ஏறியது. இதை இளக்காரம் செய்கிறவர்களுக்கு அச்சின் அருமை தெரியாது என்பேன்.

அது எளிய வேலையும் அன்று. நாம் பாடத்தில் படிக்கும் பாரிஸ் சாந்தையே எடுத்துக்கொள்வோம். ஜிப்சத்தை 120 முதல் 150 பாகை செல்சியஸ் வரை வாட்டினால், தன்னிடமுள்ள நீரில் நான்கில் மூன்று பங்கை இழந்து பொடியாகிறது. அந்தப் பொடியில் தண்ணீர் சேர்த்ததும் இழந்த நீரைத் திரும்பப் பற்றிக்கொண்டு, ஊசி ஊசியான படிகங்களாகப் பின்னி இறுகுகிறது. இறுகும்போது சூடாகும்; இம்மியளவு விரியவும் செய்யும். அந்த விரிவினால்தான் மூல உருவின் மயிர்க்கோடு வரை அச்சில் ஏறுகிறது. மூல உரு அச்சோடு ஒட்டிக்கொள்ளாமலிருக்கச் சவர்க்காரக் கரைசல் தடவுவார்கள். ஏற்கெனவே இறுகிய ஒரு பாதி அச்சின்மேல் மறுபாதியை ஊற்றும்போதும் அதே வைத்தியந்தான். ஜிப்சத்திலுள்ள கால்சியம் சவர்க்காரத்தோடு சேர்ந்து நீரில் கரையாத கால்சியம் சவர்க்காரமாகிப் படிகிறது. கடினநீரில் துணி துவைக்கும்போது வெள்ளைத் திட்டாக மிதந்து நம் தாய்மாரை எரிச்சலூட்டும் அதே பொருள்தான்! எந்தப் பல்கலைக்கழகமும் சொல்லித்தராமல் எங்கள் தெருவில் இதைப் பரம்பரையாகச் செய்து வருகிறார்கள்.

யாளிக்கு அச்சு எடுப்பது பிள்ளையாருக்கு எடுப்பது போலன்று. பிள்ளையாரை முன்பாதி, பின்பாதி என்று இரண்டாகப் பிரிக்கலாம். யாளியின் வாய் பிளந்திருக்கும், துதிக்கை சுருண்டிருக்கும், பிடரி சுழிசுழியாக உட்புறம் வளைந்திருக்கும். வளைந்த இடத்தில் சாந்து புகுந்து இறுகினால் அச்சு கழலாது. பலவந்தமாக இழுத்தால் உருவும் போகும், அச்சும் போகும். ஆகவே ஐந்து துண்டு, ஏழு துண்டு என்று பிரித்து, எந்தத் துண்டை முதலில் கழற்றுவது, எதைக் கடைசியில் கழற்றுவது என்று முன்கூட்டியே மனத்தில் கழற்றிப் பார்த்துவிட வேண்டும். கோரைப் பற்களைத் தனியே செய்து பின்னர் ஒட்டுவார்கள். இந்தக் கணக்கைப் போடத் தெரிந்தவனைக் கலைஞன் என்று சொல்லாவிட்டால் வேறு யாரைச் சொல்வது?

இந்தக் கணக்கையெல்லாம் சிலிக்கோன் ரப்பர் அழித்துவிட்டது. இரண்டு திரவங்களைக் கலந்து, காற்றுக் குமிழ் சேராமல் உயரத்திலிருந்து மெல்லிய நூலாக ஊற்றினால் போதும்; மறுநாள் தோலை உரிப்பதுபோல் அச்சை உரித்தெடுத்துவிடலாம். சுழியும் வளைவும் அதற்கு ஒரு பொருட்டே அல்ல. (பிளாட்டினம் வினையூக்கி கொண்ட வகையை, கந்தகம் கலந்த மாதிரிக் களிமண்மேல் ஊற்றினால் மட்டும் இறுகாமல் பிசுபிசுத்துப் போகும். வேதியியல் மாணவர் மறக்கலாகாது!) நான் இந்தப் பொருளுக்குப் பகைவன் அல்லன். சாந்து அச்சு, பொம்மை எடுக்க எடுக்கத் தேய்ந்து முகம் மழுங்கும். வயதானவரின் கைவேலையைக் காப்பதற்குச் சிலிக்கோன் நல்ல துணை. ஆனால் அது வேறொன்றையும் அழித்தது.

களிமண் உலரும்போது சுருங்கும். நூற்றுக்கு எட்டுப் பங்கு சுருங்கும் மண் என்று வைத்துக்கொண்டால், 12 அங்குல அச்சில் அழுத்திய பொம்மை 11 அங்குலமாக உலரும். அந்தப் பொம்மையிலிருந்து ஒருவன் திருட்டுத்தனமாக அச்செடுத்து, அதே மண்ணில் செய்தால் அவன் பொம்மை 10 அங்குலத்தைச் சற்றே தாண்டும். ஆக, திருடிய பொம்மை குள்ளமாக நின்று தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும். சிலிக்கோன் அச்சில் செயற்கைப் பிசினை ஊற்றினால் கண்ணுக்குத் தெரியும் சுருக்கமே இல்லை. மண் சொன்ன சாட்சி போயிற்று.

சென்ற ஆண்டு நவராத்திரியின்போது எங்கள் தெருவில் நடந்ததைச் சொல்கிறேன். என் அம்மா பொம்மைக்கு வண்ணம் தீட்டும் கூலி வேலைக்குப் போகிறவர். அவர் வேலை செய்யும் வீட்டுப் பெரியவர் புதிதாக ஒரு யாளி செய்தார். படுத்திருக்கும் தாய் யாளி, முன்னங்கால்களுக்கிடையே தன் குட்டியை நக்கிக்கொடுக்கிறது. யாளிக்குக் குட்டியை எந்தத் தூணிலும் தாம் கண்டதில்லை என்றும், ஒருநாள் தெருநாயைப் பார்த்துத் தோன்றியது என்றும் சொன்னார். சுடுமண்ணில் முப்பதுக்கு மேல் செய்து விற்றார். நவராத்திரி தொடங்குவதற்குள் நகரத்துக் கடையொன்றில் அதே யாளி, பிசினில் வார்த்து, பாதி விலைக்கு அடுக்கியிருந்தது. உயரமும் இம்மி பிசகவில்லை.

கடைக்காரர், "இது எங்கள் சொந்த மாதிரி" என்றார். பெரியவர் ஒன்றும் பேசாமல் பொம்மையைக் கவிழ்த்தார். வயிற்றடியில் வண்ணம் பூசும் வழக்கமில்லை. அங்கே, ஈர மண்ணில் இணைப்பைத் தடவிவிட்டபோது பதிந்த கட்டைவிரல் ரேகை. கையால் அழுத்திச் செய்யும் பொம்மையில் ஒவ்வொன்றிலும் விரல் ஒவ்வோர் இடத்தில் விழும். கடையிலிருந்த பத்துப் பொம்மைகளையும் கவிழ்த்துப் பார்த்தோம். பத்திலும் அதே இடத்தில், அதே சாய்வில், அதே ரேகை! சிலிக்கோன் அவ்வளவு உண்மையாகப் படியெடுத்திருந்தது. "என் கட்டவெரல எனக்கே நானூறு ரூபாய்க்கு விக்கிறாரு, பாத்தியாப்பா" என்று சிரித்துவிட்டு வெளியே வந்துவிட்டார். அந்தப் பருவத்தில் மேற்கொண்டு பொம்மைக்குக் கேட்பு வரவில்லை. அம்மாவுக்கும் இரண்டு வாரம் கூலி இல்லை.

"அவரும் கோயில் தூணைப் பார்த்துத்தானே செய்தார்?" என்று இதைக் கேட்ட நண்பர் ஒருவர் மடக்கினார். நல்ல கேள்விதான். தூணிலிருக்கும் யாளி ஊர்ப்பொது. அதைப் பார்த்து ஆயிரம் பேர் ஆயிரம் யாளி செய்யட்டும். செய்யச் செய்ய அந்த விலங்கு வாழும். ஆனால் பார்த்துச் செய்கிறவன் தன் கண்ணையும் கையையும் செலவிடுகிறான். ஊற்றி எடுக்கிறவன் என்ன செலவிட்டான்? ரப்பர் விலை! இதே நண்பர் தேர்வில் பக்கத்து மாணவனின் விடைத்தாளைப் பார்த்து எழுதினால் ஆசிரியர்கள் இந்த வாதத்தை ஏற்பார்களா என்று கேட்டேன். அவர் பேச்சை மாற்றிவிட்டார்.

சட்டம் இல்லாமலில்லை. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் சிற்பத்தையும் கலைப்படைப்பாகக் கொள்கிறது. ஆக்கியோன் வாழ்நாளுக்குப் பிறகும் 60 ஆண்டு உரிமை தருகிறது. ஆனால் அதே சட்டத்தின் 15-ஆம் பிரிவில் ஒரு முள் இருக்கிறது. வடிவமைப்புச் சட்டப்படி பதியத்தக்க ஒரு வடிவத்தைப் பதியாமல், உரிமையாளரோ அவர் அனுமதி பெற்றவரோ தொழில்முறையில் 50 தடவைக்கு மேல் படியெடுத்துவிட்டால் அவ்வடிவத்தின் பதிப்புரிமை நீங்கிவிடும். பொம்மைக்கு அது எவ்வளவு பொருந்தும் என்பதை வழக்கறிஞர்கள் வாதாடட்டும். ஐம்பத்தோராவது பொம்மையை விற்றால்தான் அடுப்பு எரியும் என்றிருப்பவருக்கு இந்தப் பிரிவை யார் எடுத்துச் சொன்னார்கள்? 2000-ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டப்படி பதிந்துகொண்டால் முதலில் 10 ஆண்டும், நீட்டித்தால் மேலும் 5 ஆண்டும் காப்பு உண்டு. அந்த விண்ணப்பத்தை நிரப்பித் தருவது நம்போன்ற பட்டப்படிப்பு மாணவர்களுக்குப் பெரிய காரியமா?

மேலைநாடுகளில் டிராகன், ஒற்றைக்கொம்புக் குதிரை முதலிய உருவங்களைச் சேர்த்து வைப்போர் பலர். அங்கே, இத்தனைதான் வார்ப்போம் என்று முன்னரே அறிவித்து, அடியில் எண்ணிட்டு, எண்ணிக்கை முடிந்ததும் அச்சை உடைத்துவிடும் வழக்கமும் உண்டு. நமக்கு உடைக்கும் வழக்கம் ஒத்துவராது; கொலு ஏழைக்கும் வேண்டும். ஆனால் அச்சின் உட்புறமே செய்தவரின் அடையாளத்தை வெட்டிவிடலாம். வார்க்கும் ஒவ்வொரு பொம்மைக்கும் இன்ன பங்கு மூல உருச் செய்தவருக்கு என்று கடைக்காரர் எழுதித் தரலாம். அந்தக் கடைக்காரர் பெரியவரிடம் நேரே வந்து கேட்டிருந்தால், பங்கு பேசி அவரே மகிழ்ந்து அச்செடுத்துக் கொடுத்திருப்பார்.

நம் வேதியியல் ஆய்வகம் சனிக்கிழமை பிற்பகலில் பூட்டிக் கிடக்கிறது. ஒரு சனிக்கிழமையை அச்சு எடுக்கும் வகுப்பாகத் தரும்படி துறைத்தலைவர் அவர்களிடம் சிலர் கையெழுத்திட்டுக் கேட்டிருக்கிறோம். சிலிக்கோனைப் பற்றி நாங்கள் சொல்லுவோம். ஏழு துண்டுச் சாந்து அச்சைப் பெரியவர் செய்துகாட்டுவார். வர ஒப்புக்கொண்டிருக்கிறார். நாற்காலி போட்டால் உட்கார மாட்டார். தரையில் ஒரு பலகையும், ஒரு வாளித் தண்ணீரும், நல்ல வெளிச்சமும் வேண்டும் என்று சொல்லியனுப்பியிருக்கிறார்.