80,000 டாலரைப் பார்த்துப் பின்வாங்காதீர்கள்

அமெரிக்காவில் லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரி ஒன்றின் கட்டணப் பக்கத்தைத் திறந்ததும் ஆண்டுக்கு 80,000 டாலர் என்று கண்ணில் பட்டால் எந்தப் பெற்றோருக்கும் வயிறு கலங்கும். ஆனால் பல கல்லூரிகளில் அந்தத் தொகையை முழுதாகக் கட்டுபவர்கள் சிலரே. வில்லியம்ஸ், ஆம்ஹர்ஸ்ட் போன்ற பேர்பெற்ற இடங்கள் மதிப்பெண்ணுக்கென்று ஒரு டாலரும் தருவதில்லை; குடும்ப வருமானத்தைப் பார்த்தே உதவுகின்றன. அந்த உதவிக்கும் எட்டாத, முழுக் கட்டணமும் கட்ட முடியாத நடுத்தரக் குடும்பங்கள் ஒஹையோ பக்கம் திரும்பட்டும். வூஸ்டர், டெனிசன், ஓபர்லின் எல்லாம் நல்ல மாணவர்களை ஈர்க்கத் தகுதி உதவித்தொகை தருகின்றன. கூட்டாட்சி அரசின் மாணவர் உதவித் திட்டத்தில் உள்ள கல்லூரிகள், உண்மையில் கட்ட வேண்டியதைக் கணக்கிடும் வசதியை இணையதளத்தில் தர வேண்டும் என்பது 2011 முதல் சட்டம். சில கல்லூரிகளில் அது மதிப்பெண்ணையும் கேட்கும். கால் மணி நேர வேலைதான். உதவித்தொகைக் கடிதம் வந்ததும் தொகையோடு நிறுத்தாமல் கீழே உள்ள நிபந்தனைகளையும் படியுங்கள்: நான்காண்டும் தொடருமா, எந்த ஜி.பி.ஏ.வுக்குக் கீழே இறங்கினால் நின்றுபோகும்? கட்டணம் ஆண்டுதோறும் ஏறும், உதவித்தொகை பெரும்பாலும் ஏறாது. பிள்ளை விண்ணப்பிக்கும் முன்பே இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள்.