வேனுக்கு மாற்று இதயம்

கலிபோர்னியாவில் வசிக்கும் என் கல்லூரித் தோழன், 1987ஆம் ஆண்டின் ஃபோக்ஸ்வாகன் வெஸ்ட்ஃபாலியா வேன் ஒன்றை வைத்திருக்கிறான். உள்ளே அடுப்பு, படுக்கை. கூரையை உயர்த்தினால் மேலும் ஒரு படுக்கை. மலைச்சாலைகளில் சரக்கு லாரிகள்கூட அதை முந்திச் செல்கின்றனவாம். ஆகவே, 95 குதிரைத்திறன் கொண்ட அதன் 2.1 லிட்டர் எஞ்சினைக் கழற்றிவிட்டு, ஏறத்தாழ 130 குதிரைத்திறன் தரும் சுபாருவின் 2.2 லிட்டர் எஞ்சினைப் பொருத்தப் போவதாக எழுதியிருந்தான்.

மூலத்தின் தூய்மை கெடும் என்போர் உண்டு. இடைச்செருகல் என்றாலே முகம் சுளிக்கும் தொழில் என்னுடையது. நானும் அவர்கள் பக்கம் நின்றிருக்க வேண்டும். ஆனால், எது மூலம்? 1950இல் வெளிவந்த முதல் வேனின் திறன் 25 குதிரைத்திறன்தான். அதன்பின் எஞ்சினைப் பலமுறை பெரிதாக்கியது அந்நிறுவனமேயன்றி வேறு யாருமல்லர். தென்னாப்பிரிக்காவில் இதே வேனில் ஆடியின் ஐந்து சிலிண்டர் எஞ்சினை வைத்து 2002 வரை விற்றார்கள். சுபாருவின் எஞ்சினும் சிலிண்டர்கள் இருபுறமும் படுத்த நிலையில் அமைந்த அதே குலத்தது. பின்புறத்து அறைக்குள் இணைப்புத் தகடு ஒன்றின் துணையோடு அடங்கிவிடும். எண்ணெய்த் தொட்டி மட்டும் தரையை நோக்கிச் சற்றுத் தொங்கும்; அதைக் குட்டையாக்கிக்கொள்வார்கள். கலிபோர்னியாவின் புகைச் சோதனை தனியொரு புராணம், அது இருக்கட்டும்.

என் அச்சம் வேறு. பயணச் சுமையோடு அவ்வேன் ஏறத்தாழ இரண்டு டன் எடை. மணிக்கு 80 கிலோமீட்டரில் ஊர்ந்தது 110இல் ஓடத் தொடங்கினால், நிறுத்தும்போது பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் ஏறத்தாழ இருமடங்காகும். ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு வளர்வது. பிரேக்குகளோ பழைய எஞ்சினின் வேகத்துக்கென அளவெடுத்தவை. கியர்பெட்டியின் கதையும் அதுவே. ஓட்டுநர் அமர்வது முன் அச்சின்மேல். அவர் முழங்காலுக்கு முன்னே எஞ்சின் இல்லை, தகரம்தான் இருக்கிறது. மெதுவாகச் சென்றதே இத்தனை ஆண்டுகளும் அவ்வேனைக் காத்தது என்று நான் கருதுகிறேன்.

முதலில் பிரேக்கை மாற்று, எஞ்சினைப் பிறகு பார்க்கலாம் என்று எழுதினேன். கையிருப்பில் இரண்டிலொன்றுக்குத்தான் பணம் இருக்கிறது, பிரேக் மாற்றினால் மலை ஏறுமா என்று கேட்டுப் பதில் அனுப்பியிருக்கிறான். அவனுடைய பெண்கள் இருவரும் பின்னிருக்கையில்தான் பயணம் செய்வார்கள். இன்றிரவு மீண்டும் எழுத வேண்டும்.