எந்தக் கம்பெனித் திருகாணி?

தாடை எலும்பில் டைட்டானியம் திருகாணியை இறக்கி, அதன்மேல் பல் கட்டும் இம்ப்ளான்ட் சிகிச்சையைக் குறைசொல்ல நான் எழுதவில்லை. சுவீடனில் மருத்துவர் பிரனெமார்க் 1965-இல் முதன்முதலாகப் பொருத்திய திருகாணிகள், அந்த நோயாளி 2006-இல் இறக்கும்வரை உழைத்தன. பத்தாண்டு கடந்தும் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் நிலைத்திருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் சிக்கல் வருவது எப்போது என்பதைப் பல் மருத்துவர்கள் நன்றாக அறிவார்கள். கீழ்த்தாடை நரம்பில் பட்டுவிட்டால் உதடு மரத்துப்போவது உடனே தெரிந்துவிடும். திருகாணியைச் சுற்றி ஈறு புண்ணாகி எலும்பு கரைவதோ வலியே இல்லாமல் வருடக்கணக்கில் நடக்கும். சர்க்கரை கட்டுக்குள் வராதவர்களுக்கும் புகையிலையை விடாதவர்களுக்கும் இந்த ஆபத்து அதிகம்.

போடிநாயக்கனூரிலோ அத்தனை வருடமும் நோயாளி ஓரிடத்தில் இருப்பதில்லை. விடியுமுன் ஜீப்பேறி, போடிமெட்டு வழியாகப் பூப்பாறை, சாந்தன்பாறை ஏலத்தோட்டங்களுக்குப் போகிறவர்கள் எத்தனையோ பேர். பல் ஆட்டம் கண்டால் அருகில் இருக்கும் மருத்துவரிடம்தான் காட்டுவார்கள். எக்ஸ்ரேயில் திருகாணி தெரியும். எந்தக் கம்பெனி, எந்த அளவு என்று உறுதியாகச் சொல்ல முடியாது. உள்ளிருக்கும் சிறு திருகு தளர்ந்திருந்தால் முடுக்குவது சில நிமிட வேலை. ஆனால் கம்பெனிக்குக் கம்பெனி திருப்புளியின் முனை மாறும். பொருந்தாததைப் போட்டுத் திருகினால் திருகின் தலை மழுங்கிவிடும். இத்தனைக்கும் இம்ப்ளான்ட் வரும் டப்பியிலேயே கம்பெனி, அளவு, தொகுதி எண் அச்சிட்ட ஒட்டுச்சீட்டு இருக்கிறது. அதை உரித்து நோயாளியின் சீட்டில் ஒட்டிக் கொடுக்க அரை நிமிடம் போதும்.

இந்த விவரத்தை எழுதிக்கொடுத்தால் நாளைக்கு வழக்கு வரும் என்று மருத்துவர்கள் தயங்கலாம். அந்தப் பயம் புரிகிறது. ஆனால் ஏற்க முடியாது. வாணியம்பாடியில் 2023-இல் ஒரு பல் கிளினிக்கோடு தொடர்புடைய மூளைத்தொற்றில் பத்துப் பேர் பாதிக்கப்பட்டு எட்டுப் பேர் இறந்தார்கள். அது இம்ப்ளான்ட் விவகாரம் அல்ல. அங்கே பயன்பாட்டில் இருந்த சலைன் பாட்டிலில் கிருமி இருந்தது. நோயாளிகள் முன்பு எங்கே சிகிச்சை பெற்றார்கள் என்று பின்னோக்கித் தேடியதால்தான் அந்தக் கிளினிக் தெரியவந்தது. பழைய விவரம் கைவசம் இருந்தால் இப்படித் தேடுவது எளிது. ஒழுங்காக வேலை செய்த மருத்துவருக்கும் அதுவே சாட்சி. வலியில்லாமல் எலும்பு கரைவதைக் கண்டுபிடிக்க மறுபரிசோதனையும் வேண்டும். அதற்கு வந்தால் ஒருநாள் கூலி போகும் என்பது உண்மையான கஷ்டம். போடி கிளினிக்குகள் ஞாயிற்றுக்கிழமை மாலையை அதற்கென ஒதுக்கினால் மலையிலிருந்து இறங்குகிறவர்களும் காட்டிவிட்டுப் போவார்கள். பல் கட்டப் போகிறவர்களே, கடைசித் தவணையைக் கட்டுமுன் அந்த ஒட்டுச்சீட்டைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.