பைரவரும் பொறையும்

நாயைக் கும்பிடுவதற்குச் செலவு ஒன்றுமில்லை. நாய்க்குப் பொறுப்பேற்பதற்குத்தான் செலவு உண்டு. அதனால்தான் நம்மிடையே முன்னது ஏராளமாகவும் பின்னது அபூர்வமாகவும் இருக்கிறது.

இதைப் பார்க்க வேண்டுமானால் கிருஷ்ணன்கோவிலுக்குப் போகலாம். மதுரையிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற சாலையில், வத்திராயிருப்புக்கு வழி பிரிகிற ஊர் அது. சதுரகிரிக்குப் போகிற ஜனங்களில் பெரும்பாலோர் இந்த வழியாகத்தான் தாணிப்பாறை அடிவாரத்துக்குப் போய்த் திரும்புகிறார்கள். மலைப்பாதையில் ஒரு நாய் முன்னால் ஓடினால், ‘பைரவர் வழிகாட்ட வந்துவிட்டார்’ என்று கன்னத்தில் போட்டுக்கொள்வது வழக்கம். பிஸ்கட்டும் பொறையும் தாராளமாக விழும். மலை இறங்கி, கால் கடுக்க டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்த பிறகு அதே மாதிரி ஒரு நாய் பெஞ்சுக்கு அடியில் நிழலுக்கு ஒதுங்கட்டும், அப்போது தெரியும் பக்தியின் நீளம். ஒருவர் காலால் தள்ளுவார். இன்னொருவர் கிளாஸ் கழுவிய தண்ணீரை வீசுவார். மலையில் பைரவர், ரோட்டில் சனியன்.

தெருநாயை விடுங்கள். இங்கிருந்து தெற்கே ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டினால் ராஜபாளையம். அந்த ஊர்ப் பெயரைச் சுமக்கிற வெள்ளை நாய் 2005-ஆம் ஆண்டில் இந்தியத் தபால்தலையில் ஏறியது. ராம்பூர், முதோல், இமயமலை நாய்களோடு சரிசமமாக நின்றது. பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் தபால்தலையில் இடம் கிடைத்த அந்த நாயைக் கையில் பிடித்துக்கொண்டு, காலையில் நாலு மைல் நடந்துவிட்டு ஒருவர் டீக்கடைக்கு வந்தால் என்ன நடக்கிறது? நாயை எங்காவது கட்டிவிட்டு வரச் சொல்கிறார்கள். இல்லாவிட்டால் ரோட்டோரத்தில் நின்றபடியே குடித்துவிட்டுப் போக வேண்டியதுதான்.

இந்த இடத்தில் நம்மவர்கள் சீமையை இழுப்பார்கள். ஸ்காட்லாந்துக் கிராமங்களில், மேட்டிலும் சேற்றிலும் நடந்து வருகிற மனிதனோடு அவன் நாயும் ‘பப்’ என்கிற மதுக்கடைக்குள் நுழைகிறது. பல கடைகளில் அதற்கென்று ஒரு சட்டியில் தண்ணீர் வைத்திருக்கிறார்கள். சமையல் நடக்கிற இடத்துக்குள் மட்டும் நாய் வரக்கூடாது. மற்றபடி விடுவதும் விடாததும் கடைக்காரர் இஷ்டம். ‘ஆகா, வெள்ளைக்காரனுக்குத்தான் என்ன ஜீவகாருண்யம்!’ என்று உருகுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். உருகுவதற்கு முன் கொஞ்சம் சரித்திரம் படிப்பது நல்லது.

எடின்பரோவில் பாபி என்று ஒரு நாய் இருந்தது. எஜமானனின் கல்லறையைப் பதினாலு வருஷம் காத்ததாகக் கதை. கதையில் எவ்வளவு நிஜம் என்று ஆராய்ச்சிக்காரர்கள் சண்டை போடட்டும். நமக்கு வேண்டியது வேறு. பக்கத்துச் சாப்பாட்டுக் கடைக்காரர் ஜான் டிரெய்ல் அதற்குச் சோறு போட்டுவந்தார். 1867-இல், நாய்க்கு லைசென்ஸ் கட்டவில்லை என்று அவரைக் கோர்ட்டுக்கு இழுத்தார்கள். சோறு போடுகிறவன் பொறுப்பாளி என்பது வாதம். கடைசியில் நகரத் தலைவர் வில்லியம் சேம்பர்ஸ் தாமே பணம் கட்டி, நாய்க்கு ஒரு கழுத்துப்பட்டையும் போட்டார். அந்தப் பட்டை இன்றும் எடின்பரோ மியூசியத்தில் இருக்கிறது. நாய்களுக்கு வாய்ப்பூட்டு, வெளியிலிருந்து வருகிற நாயை அடைத்துவைத்துக் கண்காணிப்பது என்று தயவு தாட்சண்யமில்லாமல் சட்டம் போட்டுத்தான் அந்தத் தேசம் 1922-இல் வெறிநாய் நோயை ஒழித்தது. இத்தனைக்கும் பிறகுதான் மேஜைக்கு அடியில் நாய் நிம்மதியாகப் படுத்திருக்கிறது. அந்தத் தண்ணீர்ச் சட்டி வெறும் இரக்கத்தால் வந்ததல்ல.

‘இங்கே வெறிநாய் கடித்தால் யார் பதில் சொல்வது?’ என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்வி. உலகத்தில் வெறிநாய்க்கடியால் சாகிறவர்களில் நூற்றுக்கு 36 பேர் இந்தியர்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சாகிறவர்களில் கணிசமானவர்கள் குழந்தைகள். ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்கிறவரே ஒரு நாய்க்கும் தடுப்பூசி போட ஏற்பாடு செய்யாதவராக இருப்பதுதான் வேடிக்கை. குன்னூரில் பாஸ்டர் நிலையம் 1907-இலேயே வந்துவிட்டது. மருந்து தெரியாமல் நாம் சாகவில்லை.

பொறுப்பை யாரும் ஏற்காவிட்டால் கோர்ட்டு ஏற்க வேண்டியதாகிறது. 2025 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டு, கண்ட இடத்தில் தெருநாய்க்குத் தீனி போடாதே, அதற்கென்று இடம் ஒதுக்கு என்றது. நவம்பரில், பஸ் நிலையம், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூட வளாகங்களிலிருந்து நாய்களை அப்புறப்படுத்தச் சொன்னது. நாய்ப்பிரியர்கள் கொதித்தார்கள், நாய்வெறுப்பாளர்கள் கொண்டாடினார்கள். இரு தரப்பிலும் எத்தனை பேர் தங்கள் தெரு நாயை ஊசி போடப் பிடித்துக்கொடுத்தார்கள்?

மலைமேல் பொறை வீசுகிற புண்ணியவான்களுக்கும் ஒரு வார்த்தை. அந்தக் காடு 2021 முதல் புலிகள் காப்பகம். தீனி கண்ட நாய் அங்கேயே தங்கிக் குட்டி போடும். கூட்டம் இல்லாத நாளில் பசித்தால் மான்குட்டியைத்தான் துரத்தும். உங்கள் புண்ணியத்தின் கணக்கைக் காடு தீர்க்கிறது.

நான் கேட்பது பெரிய சீர்திருத்தமல்ல. டீக்கடைக்காரர் கீற்றுப் பந்தலின் ஓரத்தில் ஒரு சட்டித் தண்ணீர் வைக்கட்டும். கயிற்றில் பிடித்து வருகிற, ஊசி போட்ட நாய்க்கு அங்கே இடம் என்று சொல்லட்டும். பஞ்சாயத்து தெருநாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்து, கழுத்தில் பட்டை கட்டட்டும். பொறை வாங்குகிற காசில் ஒரு பங்கைப் பக்தர்கள் அதற்குக் கொடுக்கட்டும்.

சுவர்க்கத்தின் வாசலில் நின்று, நாயை விட்டுவிட்டு உள்ளே வரமாட்டேன் என்றான் தருமன். அது தர்மதேவதை என்று அப்போது அவனுக்குத் தெரியாது. தன்னை நம்பி அவ்வளவு தூரம் கூட நடந்து வந்தது என்பது மட்டும் தெரியும். அது அவனுக்குப் போதுமாக இருந்தது. நமக்கோ பைரவர் என்று தெரிந்தும், ஒரு ஊசி போட மனம் வரவில்லை.