எடுக்க வேண்டிய கசப்பும் எறிய வேண்டிய கசப்பும்

பாகற்காய்க் கறி என்றதும் முகத்தைச் சுளிக்காதவர்கள் எத்தனை வீட்டில் இருக்கிறார்கள்? அதனால்தான் கசப்பை எடுக்க வீட்டுக்கு ஒரு ரகசியம் வைத்திருக்கிறோம். என்னுடைய முறையைச் சொல்லிவிடுகிறேன். அரைக் கிலோ பாகற்காயை நெடுக்கில் பிளந்து, விதையையும் பஞ்சு போன்ற உட்பகுதியையும் வழித்துவிட்டு மெல்லியதாக நறுக்குங்கள். ஒரு டீஸ்பூன் உப்பைப் பிசறி அரைமணி நேரம் வைத்தால், அடியில் பச்சை நீர் தேங்கி நிற்கும். ஒட்டப் பிழிந்து ஒருமுறை அலசிவிடுங்கள். பிறகு மஞ்சள்பொடி கலந்த புளித் தண்ணீரில் வேகவிட்டு வடித்து, வெங்காயத்துடன் வதக்கி, இறக்கும்போது நெல்லிக்காயளவு வெல்லம் சேர்க்க வேண்டியதுதான். உப்பு சாற்றை இழுப்பதோடு நிற்பதில்லை. நாக்கில் கசப்பு உறைப்பதையும் மட்டுப்படுத்துகிறது. (காயில் ஏற்கனவே உப்பு ஏறியிருக்கும், மறுபடி போடும்போது ஜாக்கிரதை!)

ஆனால் கசப்பைச் சொட்டுக்கூட விடாமல் எடுத்துவிடுவது எனக்குச் சம்மதமில்லை. அதற்குப் பேசாமல் வாழைக்காயே வாங்கிவிடலாமே!

சில சமயம் பழி காய்மேல் விழுகிறது. குற்றவாளியோ தாளிப்பில் கருகிய வெந்தயம். அதைச் சரிசெய்ய வழியில்லை. வேறு வாணலியில் புதிதாகத் தாளியுங்கள்.

இதுவரை சொன்னது பாகற்காய் போல இயல்பாகவே கசக்கும் காய்க்கு. சுரைக்காய், பீர்க்கங்காய், புடலங்காய், வெள்ளரிக்காய், பூசணி இவை கசந்தால் கதையே வேறு. இந்தக் கொடிகளின் காட்டு இனங்களில் குக்குர்பிட்டாசின் என்னும் நச்சுப்பொருள் உண்டு. பேய்ச்சுரை, பேய்ப்பீர்க்கு, பேய்ப்புடல் என்று நம் முன்னோர் சும்மாவா பெயர் வைத்தார்கள்! தலைமுறை தலைமுறையாக இனிப்பான காய்களின் விதையையே பொறுக்கி விதைத்ததால்தான் வீட்டுக் காயில் அந்தக் கசப்பு அடங்கியது. கசப்பு இனத்தோடு மகரந்தம் கலந்துவிட்டால், அந்த விதையில் முளைக்கும் கொடியில் அது திரும்பி வரும். வெயிலும் வறட்சியும் அதைக் கூட்டுவதுமுண்டு. வெளிப்பார்வைக்கு ஒன்றும் தெரியாது.

இங்கே உப்பு, புளி, வெல்லம் எதுவும் உதவாது. கொதிக்க வைத்தாலும் விஷம் போகாது. ஜெர்மனியில் 2015-ல், தோட்டத்தில் விளைந்த சுக்கினி என்ற பூசணி இனக் காயைச் சமைத்துச் சாப்பிட்ட முதியவர் ஒருவர் இறந்துபோனார். குறைவாகச் சாப்பிட்ட மனைவி பிழைத்தார். நம் நாட்டில் ஆபத்து பெரும்பாலும் பச்சைச் சுரைக்காய்ச் சாறாக வருகிறது. 'கசந்தால்தான் மருந்து' என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்துவிடுகிறார்களே! கசக்கும் சாற்றைக் குடிக்கவே கூடாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் நிபுணர் குழு 2012-ல் வெளியான அறிக்கையில் எச்சரித்திருக்கிறது.

நறுக்குமுன் காம்புப் பக்கம் ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடுங்கள். நாலு காய் இருந்தால் நாலையும் பாருங்கள். கசந்தால், எத்தனை ரூபாய் கொடுத்து வாங்கியிருந்தாலும் குப்பைக்கு அனுப்புங்கள். தெரியாமல் சாப்பிட்டு, வாந்தியோ வயிற்றுப்போக்கோ வயிற்று வலியோ கண்டால் கஷாயம் வைத்துக்கொண்டு உட்காராதீர்கள். இதற்கு மாற்று மருந்து கிடையாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், கசந்த காய் சாப்பிட்டதாக டாக்டரிடம் சொல்லுங்கள். கொல்லைக் கொடியில் காய்த்ததானால், அதன் விதையை அடுத்த வருஷத்துக்கென்று எடுத்து வைக்காதீர்கள்.