முட்டையிட்டுப் போகும் தாய்

கடலாமை முட்டையிட்டபின் திரும்பியும் பாராத அன்பற்ற தாய் என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். இக்கருத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

யானை ஏறத்தாழ 22 மாதங்கள் சுமந்து ஒரு கன்றை ஈனுகிறது. ஆண்டுக்கணக்கில் பாலூட்டி, கூட்டத்தோடு சேர்ந்து காக்கிறது. கடலாமையின் வழி வேறு. ரெக்கவ கடற்கரையில் இரவில் ஏறிவரும் பச்சை ஆமை, அலை எட்டாத இடம் தேடி, பின்துடுப்புகளால் குழி தோண்டி, சுமார் 100 முட்டைகளிட்டு, மணலால் மூடி, அடையாளம் தெரியாதபடி கலைத்துவிட்டே போகிறது. தரையில் ஊர்ந்து செல்லவே சிரமப்படும் அதனால் காவலிருக்க முடியாது. குஞ்சுகளில் மிகச் சிலவே பிழைக்கும் என்பதால்தான் இத்தனை முட்டைகள்.

ஏறத்தாழ இரண்டு மாதங்களில், மணலின் சூட்டில் குஞ்சுகள் பொரிக்கின்றன. இரவில் வெளிச்சமான திசையை நோக்கி ஓடுகின்றன. இருண்ட கரையில் அது கடல். இன்றோ பல இடங்களில் ஹோட்டல் விளக்கு! சில பொரிப்பகங்கள் உல்லாசப் பயணிகளுக்குக் காட்டவென்று குஞ்சுகளை நாட்கணக்கில் தொட்டிகளில் வைக்கின்றன. ஆழ்கடல் சேர்வதற்கான முதல் நாட்களின் பலம் அங்கே வீணாகிறது.

தாய் தன் கடமையைச் செய்துவிட்டாள். தோழியரே, பெற்றோரே, விடுமுறையில் அப்பக்கம் சென்றால் தொட்டிக் குஞ்சைக் கையிலெடுத்துப் படம் பிடிக்க வேண்டாம். பொரித்த இரவே குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்களா என்று கேளுங்கள். இல்லையென்றால் நுழைவுச்சீட்டு வாங்காதீர்கள்.